பாரதப் பண்பாட்டைப் பயின்றறிந்த பேரறிஞர் அல்பிரூனி

ஒரு நாட்டை வாளால் வென்றோர் வரலாற்றில் பலர். அந்நாட்டு மக்களின் மொழியைக் கற்று, அவர்தம் நூல்களை ஓதி, அவர்கள் எண்ணுவது இன்னது என்பதை அவர்களே ஏற்கும் வண்ணம் எழுதி வைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்தெண்ணத் தக்கவர் அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி. வானியல், கணிதம், நிலநூல், மருந்தியல், காலக்கணிதம் எனப் பல துறைகளில் அவர் பெரும்புலமை பெற்றிருந்தார் என்பதை உலகம் அறியும். ஆயினும் தமிழ்த்துறையைச் சார்ந்த நமக்கு அவரிடம் கற்க வேண்டிய பாடம் வேறொன்று உண்டு. பிறர் சமயத்தையும் பண்பாட்டையும் எவ்வாறு அணுக வேண்டும் என்பதே அப்பாடம். அதனை அவருடைய வாழ்க்கை வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ தரியா ஆறு பாய்ந்து வளப்படுத்திய பழைய நாடு குவாரிஸம். அதன் தலைநகராகிய காத் என்னும் நகரின் புறத்தே கி.பி. 973ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஹிஜ்ரி 362இல், அல்பிரூனி பிறந்தார். பாரசீக மொழியில் ‘பிரூன்’ என்பது புறம், வெளி எனப் பொருள்படும். நகரின் புறத்தே பிறந்தமையால் அவர்க்கு இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். அவ்விடம் இன்று உஸ்பெகிஸ்தான் நாட்டில் அவர் பெயராலேயே பெரூனி என வழங்கப்படுகிறது.

அவர் தம் குலப்பெருமையைப் பேசிக்கொண்டவர் அல்லர். தம் முன்னோர் யாவர் என்பதே தமக்குத் தெரியாது என வெளிப்படையாக எழுதியவர். அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் கணித மேதையுமாகிய அபூ நஸ்ர் மன்ஸூர் என்பார் அவருக்கு ஆசானாக வாய்த்தார். பதினேழு வயதளவில், கதிரவன் உச்சி எய்தும் உயரத்தை அளந்து காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார் மாணவர்.

மொழி பற்றிய ஒரு செய்தியை இங்கே குறிப்பிடல் வேண்டும். அவருடைய தாய்மொழி குவாரிஸ்மி. அம்மொழி இன்று வழக்கிலில்லை. அறிவியலை அம்மொழியில் எழுதுவது அக்காலத்தில் இயலாததாய் இருந்தது. ஆதலின் அரபு மொழியைக் கற்று, அதிலேயே பெரும்பாலும் எழுதினார். தாய்மொழியல்லாத மொழியை உழைத்துக் கற்றவருக்கே பிறமொழி கற்பதன் அருமை புலனாகும். பிற்காலத்தில் வடமொழியைக் கற்க அமர்ந்தபோது இவ்வனுபவம் அவருக்குத் துணை நின்றிருத்தல் கூடும்.

அலைச்சலும் ஆக்கமும்

995ஆம் ஆண்டு குவாரிஸத்தில் ஆட்சி மாறியது. குர்கஞ்ச் நகரத்துச் சிற்றரசர் படையெடுத்து வந்து காத் நகரைக் கைப்பற்றினார். பழைய அரசர் கொல்லப்பட்டார். இருபத்திரண்டு வயதினராகிய அல்பிரூனி ஊரை விட்டு ஓட நேர்ந்தது. அலைச்சல் மிக்க அக்காலத்திலும் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 997ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் காத் நகரிலிருந்தும், அபுல் வஃபா என்னும் பேரறிஞர் பக்தாதிலிருந்தும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு நோக்கினர். இரண்டு ஊர்களிலும் கிரகணம் தோன்றிய நேரங்களுக்கிடையே இருந்த வேறுபாட்டைக் கொண்டு அவ்வூர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் பாலைவெளியின் இருபுறமும் நின்று இருவர் ஒன்றாய் ஆற்றிய பணி அது.

பின்னர், காஸ்பியன் கடலை அடுத்த ஜுர்ஜான் நாட்டு அரசர் காபூஸ் அவரை ஆதரித்தார். அங்கேதான் 1000ஆம் ஆண்டை ஒட்டி, பண்டை மக்களின் காலக்கணக்குகளையும் திருநாள்களையும் தொகுத்து ‘அல் ஆஸாருல் பாகியா’ என்னும் நூலை இயற்றினார். பாரசீகர், கிரேக்கர், யூதர், கிறித்தவர், அரபியர் முதலிய பல இனத்தாரின் ஆண்டுமுறைகள் அதில் ஆராயப்பட்டன. பிற மக்களை அறிவதில் அவருக்கிருந்த வேட்கை முப்பது வயதுக்கு முன்பே வேரூன்றியிருந்தது என்பதற்கு இந்நூல் சான்றாகும். மருத்துவ மேதை இப்னு சீனாவுடன் மடல் வழியே அவர் நிகழ்த்திய அறிவுப்போரும் புகழ்பெற்றது. அரிஸ்டாட்டிலின் கொள்கைகள் குறித்து வினாத் தொடுத்து, கிடைத்த விடைகளில் நிறைவு கொள்ளாமல் மேலும் வினவினார். பெரியோர் சொற்றனர் என்பதற்காகவே ஒன்றை ஏற்பது அவர் இயல்பன்று.

1004ஆம் ஆண்டை ஒட்டிக் குவாரிஸத்துக்குத் திரும்பி, அரசவையில் மதிப்புடன் விளங்கினார். அம்மதிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1017இல் அங்கு கலகம் மூண்டு அரசர் கொல்லப்பட்டார். கொலையுண்டவரின் மைத்துனராகிய கஸ்னி சுல்தான் மஹ்மூது அதனைக் காரணமாகக் கொண்டு படையெடுத்து நாட்டைக் கைக்கொண்டார். அங்கிருந்த அறிஞர் பலர் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அல்பிரூனியும் அவர்தம் ஆசான் அபூ நஸ்ரும் அவர்களுள் இருந்தனர். அப்போது அல்பிரூனிக்கு வயது நாற்பத்து நான்கு.

கஸ்னியில்

கஸ்னி வாழ்வின் தொடக்கம் துயர் மிக்கது. 1018ஆம் ஆண்டு அக்டோபரில் காபூலுக்கு அருகிலிருந்த சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தார். கையில் வானியல் கருவி எதுவும் இல்லை. மனத்தில் அமைதியும் இல்லை. ஆயினும் கணக்கெழுதும் பலகையின் பின்புறத்தில் வட்டவில் ஒன்றை வரைந்து பாகை குறித்து, அதனையே கருவியாகக் கொண்டு கதிரவனின் உயரத்தை அளந்து, அவ்வூரின் அட்சரேகையைக் கண்டறிந்தார். வசதிக் குறைவைக் காட்டிக் கல்வியைத் தள்ளிப்போடும் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சுல்தான் மஹ்மூது வட இந்தியாவின் மீது பலமுறை படையெடுத்தவர். அப்படையெடுப்புகளால் பஞ்சாப் பகுதி கஸ்னி ஆட்சியின் கீழ் வந்தது. அல்பிரூனி அங்குச் சென்று தங்கினார். பெஷாவர், ஜீலம், சியால்கோட், முல்தான் முதலிய ஊர்களின் அட்சரேகைகளைத் தாமே அளந்தார். உப்புமலைத் தொடரில் உள்ள நந்தனா என்னும் கோட்டையருகே நின்று பூமியின் அளவையும் கணித்தார். அதற்கு அவர் கையாண்ட முறை எளிமையானது. சமவெளியை நோக்கி நின்ற மலை ஒன்றின் உயரத்தை முதலில் அளந்தார். அது 652 முழமாயிற்று. பின்னர் மலையுச்சியில் நின்று, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என்று நோக்கினார். அது 34 கலையாக இருந்தது. இவ்விரண்டு அளவுகளைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இன்றைய அளவைக்கு அஃது அணித்தாய் அமைந்திருப்பதை அறிஞர் வியந்து பேசுவர்.

அவர் வாழ்ந்த காலம் நம் தமிழகத்திற்கும் பொற்காலமாகும். அவர் பிறந்த பன்னிரண்டாம் ஆண்டில் முதலாம் இராசராசன் அரியணை ஏறினான். அவர் குவாரிஸ அவையில் இருந்தபோது, 1010இல், தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது. அவர் பஞ்சாபில் வடமொழி பயின்றுகொண்டிருந்த ஆண்டுகளில் இராசேந்திரனின் படைகள் கங்கைக் கரையை எட்டின. ஒரே காலத்தில் இந்திய மண்ணின் வடமேற்கு மூலையிலிருந்து கஸ்னியின் படையும், தென்கோடியிலிருந்து சோழர் படையும் புறப்பட்டன.

மாணவராய் அமர்ந்த மேதை

கஸ்னி அவையில் இந்தியாவைப் பற்றிப் பேசியோர் பலர். வெற்றிச் செய்திகளும், கொண்டு வந்த செல்வமும், கேள்விப்பட்ட கதைகளுமே அவர்கள் பேச்சாக இருந்தன. இந்தியரின் சமயம் குறித்து அதுவரை எழுதப்பட்டிருந்த நூல்களை அல்பிரூனி ஆராய்ந்தார். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுதியிருந்ததையும், நேரில் கண்டு தெளிந்து எழுதியோர் அரியர் என்பதையும் கண்டார். ஒரு கொள்கையை மறுக்க விரும்புவோர் முதலில் அதனைத் திரித்துக் கூறுவது முறையன்று என்பது அவர் கருத்து. இந்தியரோடு உரையாட விரும்புவோர்க்கும் அவர்களோடு கலந்து பழக விரும்புவோர்க்கும் மெய்யான செய்தியைத் தர வேண்டுமென அவர் துணிந்தார்.

அதற்கு வழி ஒன்றே. வடமொழியைக் கற்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் அதனைத் தொடங்கினார். ஒரு பொருளுக்குப் பல சொல்லும், ஒரு சொல்லுக்குப் பல பொருளும் உடைய மொழி அது. அரபு எழுத்தில் எழுத இயலாத ஒலிகள் அதில் பல. ஏடெழுதுவோரின் கவனக்குறைவால் ஓரிரு படிகளிலேயே மூலம் சிதைந்து போவதும் உண்டு. நூல்களெல்லாம் செய்யுளாக இருந்தமையால் பொருள் காண்பது மேலும் கடினமாயிற்று. இத்தடைகளையெல்லாம் அவரே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். ஏடு பார்த்துப் பழகிய தமிழாசிரியர் எவரும் இப்பட்டியலைக் கண்டால் தம் துன்பத்தையே வேறொருவர் எழுதியது போல் உணர்வர்.

மொழித்தடையினும் பெரிய தடை மனத்தடை. படையெடுப்பால் ஊரும் உறவும் இழந்த மக்கள், அப்படை வந்த திசையிலிருந்து வந்த ஒருவரிடம் எவ்வாறு மனம் திறப்பர்? இதனை அல்பிரூனி மறைக்கவில்லை. சுல்தானின் படையெடுப்புகளால் அந்நாட்டின் வளம் பாழாயிற்று என்றும், அம்மக்கள் துகள்களைப் போல் சிதறுண்டனர் என்றும், அதனால் அவர்கள் உள்ளத்தில் வெறுப்பு ஆழப் பதிந்தது என்றும், கற்றோரும் கலைகளும் காசுமீரம், காசி போன்ற தொலைவான இடங்களுக்குச் சென்றுவிட்டன என்றும் எழுதினார். மஹ்மூது 1030இல் மறைந்தார். நூலும் அதனை ஒட்டியே நிறைவுற்றது. ஆயினும் ஆட்சி மஹ்மூதின் மைந்தர் கையில்தான் இருந்தது. அரசவையின் நிழலில் வாழ்ந்த ஒருவர் இவ்வாறு எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பண்டிதர்களிடம் அவர் முதலில் மாணவராகவே நின்றார். பின்னர், அவர்கள் அறியாத கணித முறைகளை எடுத்துக்காட்டியபோது அவர்கள் வியந்து, எந்த இந்திய ஆசானிடம் இவற்றைக் கற்றீர் என வினவினராம். நூல் எங்கிருந்தாலும் பொருள் செலவழித்து அதனை வரவழைத்தார். அதனை விளக்கவல்ல அறிஞர் எங்கிருந்தாலும் தேடிப் பெற்றார். பதஞ்சலியின் யோக நூலையும் சாங்கிய நூலொன்றையும் அரபியில் பெயர்த்தார். கொள்வதோடு அமையாமல் கொடுக்கவும் முற்பட்டார். யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் இந்தியர் பயன்பெறும் பொருட்டு வடமொழியில் ஆக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார்.

நூல் காட்டும் சமுதாயம்

இவ்வுழைப்பின் பயனாக எழுந்ததே ‘கிதாபுல் ஹிந்த்’ எனச் சுருக்கமாக வழங்கும் பெருநூல். 80 இயல்கள் கொண்டது. கடவுட்கொள்கை, உயிர், மறுபிறப்பு, வேதங்களும் புராணங்களும், இலக்கணமும் யாப்பும், எண்ணும் எழுத்தும், நிலமும் ஆறும், கோளும் காலமும், திருமணம், வழக்கு, தண்டனை, நோன்பு, திருவிழா என அது தொடாத துறை அரிது. பகவத்கீதை, விஷ்ணு புராணம், வராகமிகிரர், பிரம்மகுப்தர் ஆகியோரின் நூல்கள் முதலியன அதில் எடுத்தாளப்படுகின்றன.

கடவுட்கொள்கையைப் பேசும்போது கற்றோர் கொள்கை வேறு, பாமரர் வழக்கம் வேறு எனப் பிரித்துக் காட்டுகிறார். கற்றறிந்த இந்தியர் தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரே இறைவனை நம்புகின்றனர் என்று தெளிவாக எழுதுகிறார். உருவ வழிபாடு பாமரர் பொருட்டு ஏற்பட்டது என விளக்குமிடத்தில், புலன்களால் பற்றக்கூடிய ஒன்றை நாடுவது எல்லாச் சமயத்துப் பாமரர்க்கும் பொதுவான இயல்பு என்று தம் சமயத்தாரையும் உட்படுத்திக் காட்டுவது அவருடைய நேர்மைக்குச் சான்றாகும்.

சாதி அமைப்பைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். நால்வகை வருணத்தாரைக் கூறி, அவர்கள் வேறுபட்டிருப்பினும் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்தனர் என்கிறார். அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டு, ஊர்க்குள்ளே இடமின்றி ஊரை ஒட்டியே வாழ்ந்த தொழிலாளர்களையும் பெயர் சுட்டிக் குறிக்கிறார். வண்ணார், தோல் தொழிலாளர், கூடை முடைவோர், ஓடம் ஓட்டுவோர், மீன் பிடிப்போர், வேட்டுவர், நெசவாளர் ஆகியோர் அவருள் அடங்குவர். இவர்கள் உழைப்பால் ஊர் வாழ்ந்தது. ஊருக்குள் இவர்கள் வாழ இடமில்லை. மனிதர் யாவரும் சமம், இறையச்சமே உயர்வுக்கு அளவுகோல் என்னும் இசுலாமியக் கொள்கையிலிருந்து இவ்வமைப்பு வேறுபடுவதை அவர் குறித்தார். ஆயினும் இஃது இந்தியர்க்கு மட்டும் உரிய குறை எனப் பழிக்கவில்லை. பண்டைப் பாரசீக அரசர்களும் மக்களை இவ்வாறே பிரித்து வைத்தனர் என்று எடுத்துக்காட்டினார்.

அன்றாட வாழ்வின் சிறு செய்திகளையும் அவர் விடவில்லை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மெல்லுதலால் பற்கள் சிவந்திருப்பது, நெருக்கடி நேரும்போது பெண்டிரிடம் கருத்துக் கேட்பது, நால்வர் அமர்ந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்கம், கார்த்திகை மாத அமாவாசையில் விளக்கேற்றிக் கொண்டாடும் தீபாவளி ஆகியவை அவர் நூலில் இடம்பெறுகின்றன. கைம்பெண்டிர் நிலையும் பேசப்படுகிறது. மறுமணம் மறுக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் கைம்மை நோற்பது அல்லது தீப்புகுவது என்னும் இரண்டே வழிகள் அவர்க்கு இருந்தன என்கிறார். அரபியர் வழங்கிய எண் குறிகள் இந்திய எண்களிலிருந்து வந்தவை என்னும் உண்மையையும் அவர் பதிவு செய்தார்.

சிந்து, கங்கைச் சமவெளியைப் பற்றிய அவரது கருத்து இன்றைய நிலநூலாரும் போற்றுவது. மலையடிவாரத்தில் ஆற்றுக் கற்கள் பெரியனவாகவும், தொலைவு செல்லச் செல்லச் சிறியனவாகவும், கடலை அடையுமிடத்தில் மணலாகவும் இருப்பதைக் கண்டு, இச்சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்று முடிவு செய்தார்.

பனையோலையும் திராவிட எழுத்தும்

தமிழ் மாணவர் நின்று படிக்க வேண்டிய இயல் ஒன்று உண்டு. எழுத்தைப் பற்றியது அது. வட இந்தியர் மரப்பட்டையில் எழுதுவதைக் கூறிய அல்பிரூனி, தென்னாட்டில் வழங்கிய வேறொரு முறையையும் விளக்குகிறார். பேரீச்சையும் தென்னையும் போன்ற ஒரு மரம். உண்ணத்தக்க கனி தருவது. அதன் ஓலை ஒரு முழ அளவு நீண்டு, மூன்று விரல் அகலமுடையது. அதில் எழுதி, நடுவில் துளையிட்டு, கயிறு கோத்துக் கட்டிப் புத்தகமாக்குகின்றனர் என எழுதுகிறார். நம் பனையோலைச் சுவடியையே அவர் குறிக்கிறார். இந்தியாவில் வழங்கிய எழுத்து வகைகளை வரிசைப்படுத்தும்போது கன்னட தேசத்து எழுத்து, ஆந்திர தேசத்து எழுத்து ஆகியவற்றோடு திராவிட தேசத்து எழுத்தையும் சேர்த்துக் கூறுகிறார். இராமர் அணையும் இராமேசுவரமும் இலங்கையும் கூட அவர் நூலில் இடம்பெறுகின்றன. தென்னாட்டில் அவர் கால் பதித்ததில்லை. கேட்டறிந்தவற்றையே எழுதினார், எனினும் பனையோலையை இவ்வளவு துல்லியமாகக் கேட்டறிந்திருப்பது வியப்பளிக்கிறது.

நடுநிலையும் குறைகளும்

அல்பிரூனி புகழ்வதற்கும் இகழ்வதற்கும் அஞ்சாதவர். கிரகணம் நிழலால் நிகழ்வது என விளக்கிய வராகமிகிரரைப் பாராட்டினார். உண்மை அறிந்திருந்தும் இராகு விழுங்கும் கதைக்கு இடம் கொடுத்த பிரம்மகுப்தரைக் கடிந்தார். தம்மையன்றிப் பிறர்க்கு அறிவில்லை என்னும் செருக்கு இந்தியப் பண்டிதரிடம் இருந்ததாகவும் குறை கூறினார். சோமநாதர் கோயிலில் நாள்தோறும் கங்கை நீரும் காசுமீரப் பூவும் கொண்டு வழிபாடு நடந்ததையும், மஹ்மூது அதனைத் தகர்த்ததையும் மறைக்காமல் எழுதினார்.

அவர் நூலிலும் குறைகள் உண்டு. அவர் நேரில் கண்டது வடமேற்குப் பகுதியை மட்டுமே. அவர் அறிந்தது பெரும்பாலும் அந்தணர் நூல்களின் வழியே அறிந்த இந்தியா. பௌத்த நூல் எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை, அதை விளக்குவாரும் இல்லை என அவரே கூறுகிறார். சங்கத் தொகை நூல்களும் சிலம்பும் குறளும் ஆழ்வார், நாயன்மார் பாடல்களும் விளங்கிய தமிழுலகம் அவருக்கு எட்டவேயில்லை. வடமொழி நூல்களைக் கொண்டே இந்தியா முழுவதையும் அளப்போர் இன்றும் இருத்தலின், இக்குறையை நாம் சுட்ட வேண்டியவராகிறோம். தாம் அறியாததை அறியேன் என்று எழுதிய நேர்மை அவர்க்கிருந்தது. அதனாலேயே அவர் அறிந்தது நம்பிக்கைக்குரியதாகிறது.

மெக்சிகோவில் ஓர் ஒப்புமை

அல்பிரூனிக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், உலகின் மறுகோடியில் இது போன்ற முயற்சி ஒன்று நடந்தது. மெக்சிகோ நாட்டில் ஏரியின் நடுவே தெனோச்தித்லான் என்னும் மாநகரைக் கட்டி, ஏரியிலேயே தோட்டங்கள் அமைத்துப் பயிரிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தி, ஓவிய எழுத்தில் நூல்கள் படைத்து வாழ்ந்தவர் ஆஸ்டெக் மக்கள். போரில் பிடிபட்டோரைத் தெய்வங்களுக்குப் பலியிடும் கொடிய வழக்கமும் அவர்களிடம் இருந்தது. 1521இல் ஸ்பானியப் படையிடம் அந்நகர் வீழ்ந்தது. அவர்தம் நூல்களுள் மிகப் பல எரிந்தொழிந்தன. 1529இல் அங்குச் சென்ற பெர்னார்தினோ தெ சகாகுன் என்னும் கிறித்தவத் துறவி அம்மக்களின் நாவாத்தல் மொழியைக் கற்றார். ஊர்ப் பெரியவர்களை அமர வைத்து வினா எழுப்பி, அவர்கள் கூறிய விடைகளை அம்மொழி அறிந்த மாணவரைக் கொண்டு எழுதுவித்தார். தெய்வம், திருவிழா, அரசு, வணிகம், மருந்து, கைத்தொழில் என 12 பகுதிகளாக, நாவாத்தல் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் படங்களுடன் அமைந்தது அந்நூல். 1577இல் ஸ்பெயின் அரசரே அவர் எழுதியவற்றைக் கைப்பற்ற ஆணையிட்டார். தப்பிப் பிழைத்த படி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ளது. ஆஸ்டெக் சமுதாயத்தைப் பற்றி இன்று உலகம் அறிவதில் பெரும்பகுதி அந்நூல் தந்ததே.

இருவரும் வென்றோர் பக்கத்திலிருந்து வந்தவர். இருவரும் தோற்றோர் மொழியைக் கற்றவர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நோயை அறிந்தால்தான் மருந்து தர இயலும் என்பது போல, பழைய சமயத்தை வேரறுப்பதற்காகவே அதனை அறிய முற்பட்டார் சகாகுன். அல்பிரூனியோ தம் நூல் வாதிட்டு வெல்லும் நூலன்று எனத் தொடக்கத்திலேயே கூறிவிட்டு எழுதத் தொடங்கினார்.

இறுதி நாட்கள்

மஹ்மூதுக்குப் பின் ஆட்சிக்கு வந்த மஸ்ஊத் சுல்தான் அல்பிரூனியைப் பெரிதும் மதித்தார். அவர் பெயரால் ‘அல் கானூனுல் மஸ்ஊதி’ என்னும் வானியல் பெருநூல் எழுந்தது. அதற்குப் பரிசாக யானை சுமக்கும் அளவு வெள்ளியை சுல்தான் அனுப்பியதாகவும், தமக்கு அது தேவையில்லை என்று அல்பிரூனி திருப்பி அனுப்பியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. அறுபதைக் கடந்த வயதில் தம் நூல்களுக்கு அவரே ஒரு பட்டியல் எழுதினார். 113 நூல்கள் அதில் இடம்பெற்றன. அதன் பின்னரும் எழுதுவதை நிறுத்தவில்லை. எண்பதை எட்டிய முதுமையில் கண்ணொளியும் செவிப்புலனும் குன்றிய நிலையிலும், மருத்துவர் ஒருவரின் துணைகொண்டு மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலை உருவாக்கினார். ஒவ்வொரு மருந்துக்கும் பல மொழிகளில் வழங்கும் பெயர்களை அதில் தொகுத்தார்.

அவர் மறைவைப் பற்றிப் பழைய வரலாற்றாசிரியர் கூறும் செய்தி ஒன்று உண்டு. மரணப் படுக்கையில் மூச்சுத் திணறிக் கிடந்தவரைக் காண மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவர் வந்தார். வாரிசுரிமைப் பங்கீட்டில் பாட்டிமார்க்குரிய பங்கு பற்றி முன்னொரு நாள் அவர் சொன்ன கணக்கை மீண்டும் விளக்குமாறு அல்பிரூனி கேட்டார். இந்நிலையிலா எனத் தயங்கினார் வந்தவர். அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டே உலகை விட்டுச் செல்வது நன்றன்றோ எனக் கேட்டாராம் அல்பிரூனி. வந்தவர் விளக்கினார், அல்பிரூனி அதனைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். வந்தவர் வெளியேறித் தெருவில் செல்லும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. கி.பி. 1050ஐ ஒட்டிக் கஸ்னியில் அவர் இவ்வுலகை நீத்தார்.

அவர் எழுதிய இந்திய நூல் நெடுங்காலம் போதிய கவனம் பெறாமல் கிடந்தது. செருமானியப் பேராசிரியர் எட்வர்ட் சாக்கௌ அதன் அரபு மூலத்தை 1887இலும், ஆங்கில மொழிபெயர்ப்பை அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. நிலவில் உள்ள பெருங்குழி ஒன்றுக்கும் இன்று அவர் பெயர் வழங்குகிறது.

நமக்குரிய பாடம்

நம் வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். ஒரே பலகையில் அமர்ந்து இசுலாமிய மாணவர் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் படிக்கின்றார். இந்து மாணவர் சீறாப்புராணம் படிக்கின்றார். இருவரும் தேம்பாவணி படிக்கின்றனர். தேர்வுக்காகப் படிப்பது எளிது. ஒரு பாடலை அதனைப் போற்றும் மக்கள் எவ்வாறு உணர்கின்றனரோ அவ்வாறு முதலில் உணர்ந்து, அதன் பின் தன் கருத்தைக் கூறுவது அரிது. அவ்வரிய பணியையே அல்பிரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டினார். அதனால் தம் நம்பிக்கையை அவர் இழந்துவிடவில்லை. கிப்லாவின் திசையைத் துல்லியமாகக் கணிக்க முயன்ற அதே கையே கீதையின் கருத்துகளையும் பிழையின்றி எழுதியது.

நம்மிற் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் திருமழிசையும் இவ்வகையில் நினைக்கத் தக்க ஊர். அவ்வூரில் தோன்றிய திருமழிசையாழ்வார் பல சமய நூல்களையும் கற்றுத் தேர்ந்த பின்னரே வைணவத்தில் நிலைபெற்றார் என அச்சமய மரபு கூறுகிறது. கற்றறிந்து தேர்வது இம்மண்ணுக்குப் புதியதன்று.

பிற சமயத்தாரைப் பற்றி வாய்க்கு வாய் மாறி வரும் கதைகளும், ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தெழுதும் செய்திகளும் மலிந்த காலத்தில் நாம் வாழ்கிறோம். அக்கதைகளைக் கேட்கும்போது, அதனைச் சொல்வோர் அம்மக்களின் மொழியை அறிந்தவரா, நூலைப் படித்தவரா, அவர்களோடு அமர்ந்து பேசியவரா என மூன்று வினாக்களை எழுப்பும் பழக்கம் நம் மாணவரிடம் வளர வேண்டும். ஆசிரியர்கள் அதனைக் கற்பிக்க வேண்டும். சமுதாயப் பெரியோர் அதற்குத் துணை நிற்க வேண்டும். அல்பிரூனியின் பெயரை மேடைகளில் முழங்குவதினும், அவர் செய்தது போல் அயலார் ஒருவரின் நூலை அவரிடமே அமர்ந்து பாடங்கேட்பது அம்மேதைக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பாகும்.